விசாரணைக் காலத்துச் சட்டைகள்

தண்டனை என்று ஒன்று வரும்வரை ஜெயிலில் சொந்தத் துணியே போட்டுக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார். தம்பிக்குப் பாதி விடுதலையே கிடைத்துவிட்ட மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அளவுக்கு இறங்கிப்போயிருந்தோம்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். நான் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி ரூமில், கூட வேலை பார்த்த ராமநாதபுரத்துப் பையனோடு தங்கியிருந்தான். ஒரே ஷிப்ட், ஒரே தட்டில் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில் துணி துவைக்கத் தண்ணீர் பிடிப்பதில் வாய்த்தகராறு. அந்தப் பையன் எங்கள் அம்மாவை இழுத்துப் பேசினான். இவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அங்கே கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், அது வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுததும் என் தம்பிதான்.

ரூமைக் காலி செய்ய நான் போன அன்று, செத்துப்போன பையனின் அப்பாவும் வந்திருந்தார். கொடியில் கம்பெனிச் சட்டைகள் தொங்கின. எல்லாமே ஒரே நீலம்.

"யார் துணி யாருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நீங்களே பாத்து எட்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கார அம்மா கீழே இறங்கிவிட்டாள்.

அந்தப் பையனின் அப்பா ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். ஒன்றை மட்டும் விரித்துக் கை நீளத்தை அளந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது எம்மவனுது இல்ல. கை நீளமா இருக்கு."

நான் யார் என்று அவர் கேட்கவேயில்லை. தெரிந்திருந்தது.

அதன்பிறகு வார லீவு எல்லாம் ஜெயிலுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை கொண்டுபோவேன். கம்பெனி நீலத்தை விட்டுவிட்டுப் பச்சை, மஞ்சள், கட்டம் போட்டது என்று கடையில் பொறுக்கி வாங்குவேன். கைதிகளைப் பார்க்கிற இடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டையில் அவன் வந்து உட்கார்ந்தால், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியவன் மாதிரி இருப்பான்.

என் ஹாஸ்டல் ரூமில் இருந்த பெண், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வெளிநாட்டு ஜெயில்களைச் செல்போனில் தேடிக் காட்டுவாள். அமெரிக்காவில் சில இடங்களில் ஆரஞ்சுத் துணி. நார்வேயில் ஒரு ஜெயிலில் அவரவர் ஸ்வெட்டரோடு அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ரூம் சாவிகூட அவர்கள் கையிலேயே இருக்குமாம். அடுத்த தடவை அதைத் தம்பியிடம் சொன்னேன். இன்டர்காமைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"அப்போ துணி விசயத்துல நானும் நார்வேதாம்க்கா. மீனுதான் வரமாட்டுக்கு."

உள்ளே போனபிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொலை செய்யும் எண்ணம் இல்லை என்பதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஏழு வருஷம் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு நான் முதல் தடவை போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக வெள்ளைச் சட்டைகள். என் கண் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அவன்தான் கண்ணாடியைத் தட்டினான்.

"இங்கன இருக்கேங்க்கா."

கூடப் பிறந்தவனையே அடையாளம் தெரியாமல் நின்றதை அவன் பார்த்துவிட்டான். நான் ஏதோ சமாளித்தேன். அவன் குனிந்துகொண்டே, "இனிமே சட்டை வாங்காதக்கா. உள்ள விடமாட்டாவ" என்றான். அதுவரை வாங்கிக் கொடுத்ததையெல்லாம் ஒரு பையில் கட்டி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பீல் போட்டிருக்கிறோம். இன்னும் எடுக்கவில்லை. போன மார்கழியில் அம்மா ஊரிலிருந்து வந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தவள் நேரம் முடியும்வரை எடுக்கவில்லை. "நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மா" என்று அவன்தான் சொல்லிக்கொண்டே இருந்தான். பஸ் தாம்பரம் தாண்டியபிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அரைக்கைச் சட்டைதான் குடுப்பாவளாட்டி? பிள்ளைக்குக் குளிராதா?"