ஞானசிகாமணி சாரின் தொள்ளாயிரம்

கம்பத்தில் உரக்கடை மாடியில் டியூஷன் நடத்தும் ஞானசிகாமணி சாருக்கு ஊரில் பெரிய பெயர். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் இரண்டு வருடம் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. பெயர்ப்பலகையில் எம்.காம். என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் பி.எட். என்று எழுதியிருப்பார். படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பதினான்கு வருடமாக அந்த பி.எட். அடைப்புக்குறியைத் தாண்டி வெளியே வரவில்லை. பி.எட். பரீட்சையில் மூன்று முறை தோற்று, அரசு வேலைக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிப் பேச்சு வந்தால், "கவர்மெண்டுக்கு நம்ம மாதிரி ஆளு ஒத்துவராதுல்ல" என்பார், ஏதோ அவராகவே வேலையை உதறிவிட்டு வந்தவர் மாதிரி.

பாடம் நடத்துவது என்றால் அவருக்கு கைடைத் திறந்து வாசிப்பது. சந்தேகம் கேட்டால், "அத அப்பிடியே மனப்பாடம் பண்ணு, மார்க்கு தானா வரும்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். நூற்றி நாற்பது பேர் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அவருடைய வியாபாரம் உண்மையில் நடந்தது மாடியில் இல்லை. வருடத்தில் ஒரு நாள், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பரீட்சையன்று, பள்ளிக்கூட வாசலில் நடந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார். முதலில் வெளியே வருகிற பிள்ளையிடம் கேள்வித்தாளைப் பிடுங்கி, பைக்கின் டேங்க் மேல் விரித்து, கால் மணி நேரத்தில் எல்லாக் கணக்குக்கும் விடை சொல்வார். சுற்றிலும் நாங்கள் முண்டியடிப்போம். அதைப் பார்க்கிற பெற்றோர்கள் அடுத்த வருடத்துக்குத் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

போன மார்ச்சிலும் அப்படித்தான் வந்து நின்றார். ஒன்றேகால் மணி வெயிலில் வெளியே வந்ததும் எல்லோரும் பைக்கை நோக்கி ஓடினோம். பங்குக் கணக்கு ஒன்று வந்திருந்தது. ஒரு கம்பெனி, பாக்கிப் பணம் கட்டாதவர்களின் இருநூறு பங்குகளைப் பறித்துக்கொள்கிறது. அதில் நூற்றைம்பதை மட்டும் மறுபடி விற்கிறது. அவர்கள் முன்பே கட்டிய பணத்தில் மிஞ்சும் லாபமாக கேப்பிடல் ரிசர்வு என்ற கணக்குக்கு எவ்வளவு போகும்?

"தொள்ளாயிரம்" என்றார் சார். "அடிச்சுச் சொல்றேன். எழுதுனவனெல்லாம் தைரியமா வீட்டுக்குப் போ."

அவருடைய செல்லப்பிள்ளை கார்த்திக்ராஜ் கையைத் தூக்கிக் கத்தினான். நானும் தொள்ளாயிரம்தான் எழுதியிருந்தேன். பெண்பிள்ளைகள் நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அறுநூறு வரும் சார்."

உமாதேவி. எங்கள் வகுப்புதான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் டியூஷனுக்குப் போகாத ஏழெட்டுப் பேரில் ஒருத்தி. அவளுடைய அம்மா கருத்தம்மாள் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்.

சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ எங்கன படிக்கிற?"

"ஸ்கூல்லதான் சார்."

"அதான பாத்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் போகவில்லை. "இருநூறுல அம்பது பங்கு இன்னும் விக்கவே இல்லையே சார். அதோட பணம் எப்பிடி ரிசர்வுக்குப் போகும்? வித்த நூத்தம்பதுக்கு மட்டுந்தான எடுக்கணும்?"

ஒரு நொடி அவர் பேனா கேள்வித்தாள் மேல் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனால் சுற்றிலும் பெற்றோர்கள் நின்றார்கள்.

"ஏம்மா, பதினாலு வருசமா நடத்துறேன். எனக்கே பாடம் எடுக்குறியா? கெடைச்ச மார்க்க வாங்கிட்டு ஒழுங்கா வீட்டுக்குப் போற வழியப் பாரு."

"புஸ்தகத்துலயே இருக்கு சார். பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கார்த்திக்ராஜும் இன்னும் நாலு பையன்களும் பின்னாலேயே போய், "ஏ அறுநூறு! ஏ அறுநூறு!" என்று பஸ் வரும்வரை கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் விடைக்குறிப்பு எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. அறுநூறு. வேறொரு மனிதராக இருந்தால் அன்றைக்கு டியூஷனுக்கு லீவு விட்டிருப்பார். இவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "டிப்பார்ட்மெண்ட்டே தப்பா போட்டுட்டாக. விடக்கூடாது" என்றார். தொள்ளாயிரம் எழுதியவர்களுக்கும் முழு மார்க் தர வேண்டும் என்று ஒரு மனு எழுதி, எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்குள் நான் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருந்தேன். உமாதேவி சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். மனுவுக்குப் பதில் வரவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கார்த்திக்ராஜ் தொண்ணூற்றி ஒன்று. நான் எண்பத்தி நாலு. உமாதேவி நூற்றுக்கு நூறு.

மூன்றாம் நாள் உரக்கடை முகப்பில் ஃப்ளெக்ஸ் ஏறியது. நடுவில் உமாதேவியின் முகம். கீழே 'கணக்குப்பதிவியலில் 100/100. எமது மாணவி'. பக்கத்தில் அவள் முகத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கைகூப்பியபடி ஞானசிகாமணி சார். அவளுடைய படத்தை யாரோ வைத்த ஸ்டேட்டஸிலிருந்து எடுத்திருக்கிறார்.

மறுநாள் மதியம் உமாதேவியும் அவள் அம்மாவும் வந்தார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு மார்க் ஷீட் நகல் எடுக்க வந்த நான் கீழே நின்றிருந்தேன். கருத்தம்மாள் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டு சார் இறங்கி வந்தார்.

"எம்மக எத்தன நாளு உங்க மாடிப்படி ஏறுனா சார்?" என்றார் கருத்தம்மாள்.

"வாங்க வாங்க. ஊருக்கே பெருமைல்ல? ஒரு சால்வ எடுத்து வச்சிருக்கேன்..."

"சால்வ இருக்கட்டும். கேட்டதுக்குச் சொல்லுங்க."

சார் சுற்றிலும் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அன்னிக்கு பரீட்ச முடிஞ்சு கேட்ல வச்சு பாப்பாகூட அந்தக் கணக்கப் பேசுனேன்ல? அதுவும் ஒரு கிளாஸ்தாம்மா."

உமாதேவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு அவர் முகம் சிறுத்ததை நான் பார்த்தேன்.

கருத்தம்மாள் கடை வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். மடியிலிருந்து திராட்சைக் கொத்து வெட்டும் கத்தரியை எடுத்து, ஃப்ளெக்ஸிலிருந்த மகளின் முகத்தைச் சுற்றி நிதானமாக வெட்டினார்.

"ஏம்மா, ரெண்டாயிரம் ரூவா போட்டு அடிச்சது!" என்று சார் கத்தினார். உரக்கடைக்காரர் அவர் தோளைப் பிடித்து, "விடுங்க சார், நாலு பேரு போன்ல படம் புடிக்கிறாக" என்றார். கருத்தம்மாள் இறங்கி, வெட்டிய துண்டைச் சுருட்டி மகளிடம் கொடுத்தார். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

புது ஃப்ளெக்ஸ் அடிக்க சாருக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் ஓட்டையோடு தொங்கியது. பிறகு என் அப்பாவுக்குப் போன் செய்து, உங்கள் மகள் ஜான்சி போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமையாக அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த ஓட்டையில் என் முகம். கீழே அதே 100/100.

ஓடிப்போய்ச் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். மாடிக்குப் போய், "சார், நான் எம்பத்தி நாலு" என்றேன். "யாரு மார்க் ஷீட்டப் பாக்கப் போறாக? அட்மிஷன் முடியட்டும்மா, கழட்டிருவோம்" என்றார். சரி என்று இறங்கி வந்துவிட்டேன்.

ஜூனில் கல்லூரி திறந்தபோது நானும் உமாதேவியும் ஒரே பஸ்ஸில் போகும்படி ஆனது. வண்டி உரக்கடையைத் தாண்டும்போது அவள் ஜன்னல் வழியாக ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டியிருக்காக" என்றாள்.

அவள் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இந்த வருடம் சாரிடம் நூற்றி அறுபது பேர் சேர்ந்தார்கள். என் சித்தி மகனும் அதில் ஒருவன். என் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தோம் என்று சித்தி சொன்னார்.