ஐரீன் கேட்ட கேள்வி

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்துச் சந்து ஒன்றில் ஐரீனும் ஜானட்டும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். சிறுவயதில் ஒரே வருடம் மாதா கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியவர்கள். சந்துக்காரர்கள் கண்ணுக்கு அவர்கள் சிநேகிதிகள். ஜானட் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தால் தன் வயிறும் சேர்ந்து எரிவது ஐரீனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

எதிலும் ஜானட் ஒரு படி முன்னால் நின்றாள். கோயில் பாடற்குழுவில் இருவரும் இருந்தாலும் தனிப்பாட்டு அவளுக்குத்தான். மேத்யூவை முதலில் மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்தது ஐரீனுக்குத்தான். பேச்சு முறிந்து ஆறே மாதத்தில் அவன் எதிர்வீட்டு மாப்பிள்ளை ஆனான். பிறகு கட்சியில் சேர்ந்தான், வட்டச் செயலாளர் ஆனான், வீட்டுக்கு மாடி வந்தது. ஐரீன் ரயில்வேயில் கலாசியாகச் சுமை தூக்கிய ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவனை நாற்பது வயதில் பறிகொடுத்து, துறைமுக மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றாள்.

கையில் வந்த பதினோரு லட்சத்தை அவள் தெருமுனையில் இருந்த கூட்டுறவு வங்கியில் போட்டாள். மற்ற வங்கிகளைவிட அங்கே வட்டி அதிகம். திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ.வே வந்து குத்துவிளக்கு ஏற்றியிருந்தார். ஒரு வருடம் கழித்து அந்தப் பணத்தில் மாடி எடுப்பதாகத் திட்டம். ஜானட்டின் மாடிக் கைப்பிடிச் சுவரைவிட ஒரு சாண் உயரம் இருக்கவேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஆகஸ்டு மாதம் ஒரு திங்கட்கிழமை வங்கிக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. ஒரு ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. சேர்மன் தன் சொந்தக்காரர்களின் கம்பெனிகளுக்குக் கடனை வாரி இறைத்திருக்கிறார், ஒன்றுமே திரும்பவில்லை என்று பேச்சு பரவியது. காசிமேட்டு மீன் ஏலக்காரர்கள், திருவொற்றியூர் மளிகைக்காரர்கள், எண்ணூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று வரிசை மெயின் ரோடு வரை நீண்டது.

அந்த வரிசையில் ஜானட்டும் வந்து நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் போச்சுடீ ஐரீனு. நீயும் நானும் நடுத்தெருவுல நிக்கிறோம் பாரு" என்றாள்.

ஐரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் பதினோரு லட்சம் போன வேதனைக்குள்ளே எங்கோ ஒரு மூலையில் ஜில்லென்று இருந்தது. முதல் முறையாக இருவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். வீட்டுக்குப் போய் அதற்காகவே ஒரு ஜெபம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் அன்று அவளுக்கு நன்றாகவே பசித்தது.

அந்த நிம்மதி நாலு நாள்தான் நிலைத்தது. வங்கி குமாஸ்தா பிரகாஷ், டீக்கடையில் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்தான்.

"என் பணம் வருமாடா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. உங்கள மாதிரி ஆளுங்கதான் மாட்டிகினீங்க. ஜானட் அக்கா உஷாரு. கதவுல தாளு ஒட்டறதுக்கு பதினாலு நாளு முன்னாடியே மேத்யூ அண்ணன் அவங்க கையெழுத்து போட்ட செக்கோட வந்து, அவங்க பேர்ல இருந்த பதினெட்டு லட்சத்தையும் எடுத்துகினு பூட்டாரு."

ஐரீன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தாள். பதினெட்டு லட்சம். பணத்தைப் பத்திரப்படுத்திவிட்டு வரிசையில் வந்து அழவும் செய்தாளே! தொலைத்தவர்களின் அழுகையைக்கூட அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள் என்பதுதான் ஐரீனைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் நடுவில் எம்.எல்.ஏ., பக்கத்தில் சேர்மன், ஓரத்தில் மேத்யூ. எம்.எல்.ஏ. மைக்கைப் பிடித்தார்.

"சேர்மன் ஓடிப் போயிட்டாரா? பாருங்க, உங்க முன்னாடிதான் குந்திகினு கீறாரு. உங்க புள்ளைங்க படிப்புக்கு, வூட்டுக்கு லோன் குடுத்த மனுஷன். வாட்ஸ்அப்புல எவனோ கெளப்பி வுட்ட வதந்தி இது. எல்லாரும் ஒரே நாள்ல போயி காசக் குடுன்னா எந்த பேங்கு தாங்கும்? இவர் மேல கேஸு போட்டீங்கன்னா உங்க பணம் கோர்ட்டுலதான் மாட்டிக்கும். பேங்கு ஸ்ட்ராங்கா கீது. நான் கேரண்டி."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். நம்பிவிட்டால் போதும் என்ற களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. ஐரீன் மேடையைப் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் கட்சிப் பெண்களுக்கு நடுவில், கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த ஜானட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தட்டில் மோர் கொண்டுவந்து, "பாவம், நீங்க மொதல்ல குடிங்கக்கா" என்று ஜானட்டிடம் நீட்டினாள். ஜானட் வாங்கிக் குடித்தாள்.

ஐரீன் எழுந்துவிட்டாள்.

"பேங்கு ஸ்ட்ராங்கா கீதுன்னா, அதோ உங்க மேத்யூ இன்னாத்துக்கு பதினாலு நாளு முன்னாடியே பதினெட்டு லட்சத்த வழிச்சி எடுத்துகினு போனாரு? ஜானட்டு பேர்ல இருந்த பணம். மோரு குடிச்சிகினு கீறாளே, அவளையே கேளுங்க!"

எல்லாத் தலைகளும் ஜானட் பக்கம் திரும்பின.

"யாரும்மா நீ? எதிர்க்கட்சி ஆளா?" என்றார் எம்.எல்.ஏ.

பழைய இரும்புக்கடை ஹபீபுல்லா நாற்காலி மேல் ஏறி நின்றார். "எதிர்க்கட்சி இல்ல நைனா, ஆஸ்பத்திரி ஆயாம்மா! பதில் சொல்லு. வேற யார் யாரு எடுத்தாங்க?"

அதற்கப்புறம் மைக்கில் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலிகள் சரிந்தன. சேர்மனைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். மறுநாள் எல்லோரும் சேர்ந்து போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போய், கடைசி மாதத்தில் பணம் எடுத்தவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். பத்து நாளில் அது வெளியே வந்தது. இருபத்தாறு பெயர்கள், எம்.எல்.ஏ.வின் மைத்துனர் பெயரும் அதில் இருந்தது. சேர்மன் கைதானார். "அவரோடு எனக்கு நெருக்கம் இல்லை" என்று எம்.எல்.ஏ. பேட்டி கொடுத்தார். மேத்யூவின் கட்சிப் பதவி போனது.

பேப்பர்காரர்கள் ஐரீனைப் படம் எடுத்தார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவள் துணிவைப் புகழ்ந்தார். அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்று பூசை முடிந்ததும் ஜானட் நேராக அவள் வீட்டுக்குள் வந்தாள்.

"ஊருக்காவ கேட்டியா, இல்ல என் மேல காண்டுல கேட்டியா?"

ஐரீனுக்குப் பொய் வரவில்லை. "உன் மேல காண்டுலதான்."

"தெரியும். புதுநன்மைக்கு எனக்கு வெள்ள ஷூ வாங்கினப்பவே தெரியும்." ஜானட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வெளில சொன்னா பொழப்பு பூடும்னு மேத்யூ சத்தியம் வாங்கிகினாரு. என் தங்கச்சிக்கே சொல்லல. அவளுக்கும் மூணு லட்சம் மாட்டிகிச்சு. நீயா இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

ஐரீன் சொல்லியிருக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரிந்தது. ஜானட் வாசற்படி இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

டிசம்பரில் வங்கி டெபாசிட்டுக்கான காப்பீட்டுப் பணமாக ஐந்து லட்சம் ஐரீனுக்குக் கிடைத்தது. மிச்ச ஆறு லட்சத்துக்கு வழக்கு நடக்கிறது. மாடி எடுக்கவில்லை; ஒழுகிய கூரையைப் பிரித்து ஒட்டுப்போட்டாள், முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தாள். வங்கியில் பணம் போட்டவர்கள் சங்கத்தில் அவளைப் பொருளாளராகப் போட்டார்கள். ஜானட் பாடற்குழுவுக்கு வருவதை நிறுத்தியதும் தனிப்பாட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். பாடுகிறாயா என்று ஐரீனை யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஜானட்டும் மேத்யூவும் வீட்டை விற்றுவிட்டு, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனோடு இருக்க வள்ளூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்வரை ஐரீன் ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். எதிர்வீட்டு விளக்கு எரியாத சந்து அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட ஆளில்லாத மாதிரி இருந்தது.

போன வாரம் பிரகாஷ் வழியில் வண்டியை நிறுத்தினான். "ஜானட் அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன். உங்கள விசாரிச்சாங்க, கால் வலி எப்டி கீதுன்னு."

"நல்லா கீதுன்னு சொல்லு" என்றாள் ஐரீன். இரண்டு அடி போனவள் திரும்பி நின்றாள்.

"ஏன்டா, அந்த வூடு பெருசா? எத்தினி ரூமு?"