பெரியவருக்கு மட்டும் மின்விசிறி

மகள் நாவலூரில் இருக்கிறாள். போன வாரம் அவள் மேசையைத் துடைக்கப் போனேன். தீப்பெட்டி அளவில் ஒரு டப்பி, அதிலிருந்து வண்ண வண்ணமாக ஒயர்கள். "அத எடுக்காதம்மா, லாஜிக் அனலைசர்" என்றாள். துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். உள்ளங்கை வேர்த்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெயருக்கு வேர்க்கிறது. சிரிக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த லாஜிக் அனலைசரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். எழுபதுகளின் கடைசி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், திருக்கழுக்குன்றம் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. தொழிற்சாலை இயந்திரங்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்து கொடுப்போம். போர்டில் எந்தக் கம்பியில் எப்போது மின்சாரம் வந்தது, எப்போது போனது என்று பிடித்து வைத்துக்கொண்டு, பச்சைத் திரையில் ஒன்றும் பூஜ்யமுமாகக் காட்டுவது அந்தக் கருவியின் வேலை. பார்க்கக் கிழடு தட்டியிருந்தாலும் அதற்கு நிஜத்தில் அவ்வளவு வயதில்லை. யாரோ அடித்து வேலை வாங்கிவிட்டு ஏலத்தில் விட்டதை எங்கள் முதலாளி எடுத்து வந்தார். மிச்சத்தைக் கடல்காற்று பார்த்துக்கொண்டது. மூத்த டெக்னீஷியன் காதர் பாய் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார்.

பட்டறையில் இருந்த ஒரே மேசை விசிறி பெரியவருக்குத்தான். பெண்கள் நாங்கள் முந்தானையால் விசிறிக்கொள்வோம், பாய் கைக்குட்டையால். மதியம் கூரை கொதித்தால் பெரியவர் உளற ஆரம்பிப்பார். ஒன்று வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வரும், இல்லாத துடிப்பையெல்லாம் காட்டுவார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். சோதனை எல்லாம் காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள். மதியத்துக்கு மேல் திரையில் எது வந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டோம். சூடான சாலிட்ரிங் ஈயமும், பெரியவருக்குள்ளிருந்து வரும் வெந்த தூசியும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். இப்போதும் பழைய ரேடியோவைப் போட்டால் அந்த வாசனை வரும், எழுந்து போய் அணைத்துவிடுவேன்.

பக்கத்து ஷெட் வேறொரு கம்பெனி, அங்கே தகரத்தை அழுத்தி மூடி அடிக்கும் பிரஸ் மிஷின். அதில் வேலை செய்த ஏழுமலையின் இரண்டு விரலை அது வாங்கிவிட்டது. அவரை இரண்டு ஷெட்டுக்கும் பொதுவான கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். காலையில் நான் உள்ளே நுழையும்போது அந்தக் கையால்தான் சல்யூட் வைப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். பிரஸ்ஸில் அவர் இடத்துக்கு வந்தவள் அற்புதம். அவள் வீட்டில் வயலுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போன முதல் ஆள். என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாள். மதியம் கேட்காமலே என் டிபன் பாக்ஸில் கைவிட்டு வறுத்த மீனை எடுத்துக்கொள்வாள்.

ஏழுமலைக்குப் பிறகு அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு காவல் ஏற்பாடு கேட்டார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஒளிக்கற்றை. கை அதில் குறுக்கே போனால் எங்கள் போர்டு 'நில்' என்று சொல்லும், பிரஸ் நிற்கும். இரண்டு போர்டு செய்தோம். ஒன்றைக் காலையில் சோதித்தோம், பிசகில்லை. உடனே கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள்.

அன்று மதியம் சும்மாயிருக்க முடியாமல் இரண்டாவது போர்டைப் பெரியவரிடம் மாட்டினேன். கை குறுக்கே வந்ததைச் சொல்லும் கம்பியில் ஒன்று காட்டியது. 'நில்' கம்பியில் பூஜ்யம், அதாவது பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. சோதனையை மறுபடி ஓட்டினேன், சரியாக இருந்தது. இன்னும் சில தடவை ஓட்டினேன். திரும்பவும் பூஜ்யம். பாயைக் கூப்பிட்டேன்.

"பெரியவருக்கு சூடு ஏறிச்சின்னா பேஜாருதான். காலீல பாத்துக்கலாம், வுடு" என்றார் பாய். கம்பியைக் கவ்வியிருந்த கிளிப்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதைக் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன். பூஜ்யம். வேறு கிளிப். பூஜ்யம்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. முதலாளி கூப்பிட்டால் குற்றம் செய்யாமலே நடுங்குவேன். அன்று அந்த நடுக்கத்தோடுதான் விசிறியைப் பெரியவரிடமிருந்து திருப்பிப் போர்டின் பக்கம் வைத்தேன். பாய் பதறினார். பெரியவர் கொதிக்கட்டும் என்றேன். உளறுவது அவர்தான் என்றால் இப்போது இன்னும் அதிகமாக உளற வேண்டும்.

உளறவில்லை. போர்டில் காற்று பட்டதும் ஒவ்வொரு தடவையும் 'நில்' ஒழுங்காக வந்தது. விசிறியை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் பூஜ்யம்.

சூட்டில் கோளாறு போர்டுக்கு. அதையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த பெரியவரை நாங்கள்தான் நம்பவில்லை. அதே சரக்கில் செய்த இன்னொரு போர்டு பக்கத்து ஷெட்டில், அதே வெயிலில், பிரஸ்ஸில் இருந்தது. அந்தச் சத்தம் இங்கே கேட்டுக்கொண்டிருந்தது. டங்... டங்...

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மணல் சுட்டது தெரியவில்லை. அற்புதம் முன்பிருந்த பயமில்லாமல், அதுதான் காவல் இருக்கிறதே என்று, கையை உள்ளே விட்டு விட்டு மூடிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். அந்த இரைச்சலில் கேட்டிருக்காது. அவள் திடுக்கிட்டுக் கையை அசைத்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம் வேறு. சுவரோரமாகப் போய் மெயின் சுவிட்சை இழுத்தேன்.

பிரஸ் நின்றது. அற்புதம் திரும்பினாள்.

"இன்னாக்கா, பேயப் பாத்தா மாதிரி கீற? மிசின ஏன் நிறுத்துன?"

கரண்டில் கோளாறு என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டுகிறது என்று அவள் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

இரண்டு போர்டிலும் சூட்டில் மயங்கிய சிப்பை மாற்றினோம். அதன் பிறகு எங்கள் பட்டறையில் உச்சி வெயிலில்தான் சோதனை. அற்புதத்திடம் மட்டும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. மறுநாளும் அவள் அங்கேதான் உட்கார வேண்டும். பயப்பட நான் ஒருத்தி போதாதா?

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட். பிரஸ் எடைக்குப் போனது, பெரியவர் எங்கே போனாரென்றே தெரியாது. காதர் பாய் இல்லை. அற்புதமும் போன மழைக்காலத்தில் போய்விட்டாள். செங்கல்பட்டு வீட்டில் பெட்டியைச் சுற்றி எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் மட்டும் ஜெபமாலை சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. பெட்டியை மூடும் வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.