லெவோச்சா சதுக்கத்துக் கூண்டு

வழிகாட்டி யர்மிலாவின் குரலை மறந்தவர்கள் எங்கள் சுற்றுலா நிறுவனத்தில் யாரும் இல்லை. மைக் பழுதான நாளிலும் பேருந்தின் கடைசி இருக்கைவரை கணீரென்று கேட்கும். நான் அந்தப் பேருந்தின் ஓட்டுநர். ஆறு வருடம் இருவரும் ஸ்லோவாக்கியாவின் கோட்டைகளையும் தேவாலயங்களையும் சுற்றினோம். எந்தக் கோட்டையில் யார் தலை உருண்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வருகிறவர்களுக்கும் ரத்தக் கதைதான் வேண்டும். தூண்களைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

கோடையிலும் கழுத்தில் துணி சுற்றியிருப்பாள். ஒருநாள் அது நழுவியபோது விரல் தடங்களைப் பார்த்துவிட்டேன்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

கழுத்தைக் கதவில் இடித்துக்கொள்பவர் உண்டா? நான் கேட்கவில்லை. அவள் கணவன் ரூடோ மர ஆலையில் வேலை செய்பவன், என்னுடன் கால்பந்து ஆடியவன். அடுத்தவர் வீட்டு விவகாரம் என்று வண்டியைக் கிளப்பினேன்.

ஆறாவது வருடம் மே மாதம் அவள் வீட்டைவிட்டு வெளியேறி விவாகரத்துக்கு மனுப் போட்டாள். ஜூனில் நித்ரா நகரத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களை நான்கு நாள் பயணமாக அழைத்துப் போனோம். மூன்றாம் நாள் லெவோச்சா நகரம். தேவாலயத்தின் வானுயர்ந்த மரப் பலிபீடத்தைப் பார்த்துவிட்டு, சதுக்கத்திலிருக்கும் இரும்புக் கூண்டின் முன் எல்லாரும் கூடினார்கள். தப்புச் செய்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை அந்தக் காலத்தில் அதில் அடைத்து, போகிறவர் வருகிறவர் காறித் துப்ப விட்டார்களாம்.

"ஆம்பளைங்கள எதுல அடைச்சாங்க?" என்று கேட்டார் மார்கிதா அம்மாள். முப்பது வருடம் இறைச்சிக் கடை நடத்தியவர்.

"அவங்கதாம்மா பூட்டுப் போட்டது" என்றாள் யர்மிலா. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ரூடோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். அவள் திரும்புவதற்குள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கூண்டுக் கம்பியில் மோதினான். ஒருமுறை. மறுபடியும். கம்பி அதிர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊரெல்லாம் சுத்துறவளுக்கு வீடு கசக்குதோ? உள்ள போடி. உனக்குன்னு செஞ்சு வச்சதுதான்."

நான் பத்தடி தூரத்தில் பேருந்துச் சாவியோடு நின்றேன். முதலில் பாய்ந்தது மார்கிதா அம்மாள்தான். கைத்தடியைச் சுழற்றி அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்தது.

"கெழவி, உன்னைக் கொன்னுடுவேன்."

"உன்னவிடப் பெரிய பன்னியெல்லாம் அறுத்திருக்கேன்டா. டிரைவர் தம்பி, எதுக்கு மரம் மாதிரி நிக்கிறே?"

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் அவன் மேல் விழுந்தேன். நல்ல கையால் இடுப்பிலிருந்த கத்தியை உருவி என் தோளில் இறக்கினான். வலியில் பிடி தளர்ந்தது. அவன் எழுந்து மறுபடியும் அவளை நோக்கிப் போனான்.

யர்மிலா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. கூட்டத்தை அழைக்கத் தூக்கிப் பிடிக்கும் கொடிக் கம்பை இரு கையாலும் ஓங்கி அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தான். மீண்டும் அடித்தாள். கம்பு ஒடிந்த பிறகும், கையிலிருந்த துண்டால் அடித்துக்கொண்டே இருந்தாள். போலீஸ் வருமுன் நித்ராக் கிழவிகள் நாலு பேர் அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள்.

"போதும் கண்ணு. செத்துட்டான்னா நீதான் உள்ள போவே."

அவன் சாகவில்லை. ஐந்து வருடம் சிறை கிடைத்தது. யர்மிலாவுக்கு நெற்றியில் ஒன்பது தையல். இடது காது கேட்காமல் போனது. மறுநாள் ஸ்பிஷ் கோட்டைக்கு அவள் வரவில்லை. கிழவிகளும் போக மறுத்து மருத்துவமனை வராந்தாவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அவள் பர்தேயோவ் நகர அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறாள். போன இலையுதிர்காலத்தில் பார்க்கப் போனேன்.

"அன்னிக்குக் கழுத்தப் பாத்தேன், யர்மிலா. ரூடோகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

"பாத்தது எனக்குத் தெரியும்" என்றாள். "அதுக்கப்புறம் துணிய இன்னும் இறுக்கிக் கட்டினேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காப்பி வாங்கித் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.