டிஷ்ஷைக் கழற்றட்டா, வைக்கட்டா?

டிஷ் பூட்டும் தொழிலில் பாதி வேலை கூரைக்கு மேலே; மீதிப் பாதி, கீழே டிவிக்கு முன்னால் நிற்பவர் சொல்வதை நம்புவது. நான் மேலே நின்று டிஷ்ஷை ஒரு விரல் அளவு திருப்பி, "வந்திட்டா?" என்று கேட்பேன். கீழே நிற்பவர் "வருகுது, வருகுது, போயிட்டு" என்பார். இப்படிக் கத்திக் கத்தியே கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை பதினெட்டு வருசம் ஓட்டியிருக்கிறேன். என் பெயர் பாஸ்கரன். ஊரில் டிஷ் பாஸ்கரன் என்றால்தான் தெரியும்.

இப்போது வருகிற போன்கள் வேறு மாதிரி. "எல்லாரும் நெட்டுக்கு மாறுறாங்க. நாங்க டிஷ்ஷக் கழட்டட்டா, வைக்கட்டா?" உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு ஏழரை மணி நாடகம், பிள்ளைகளுக்குப் போனில் ஓடுவதெல்லாம் பெரிய திரையில் வேண்டும். நடுவில் ரிமோட் படும் பாடு சொல்லி மாளாது. இதை டிஷ்காரனிடமே கேட்பது, ஆட்டைக் கூப்பிட்டு இன்றைக்குப் புரியாணி வைக்கலாமா என்று கேட்பது போலத்தான். ஆனாலும் கேட்கிறார்கள். நானும் வீட்டைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் எனக்கு ஒரு வீடு குறையும்.

காத்தான்குடி சபீரும் நானும் பன்னிரண்டு வருசம் ஒரே ஏணியில் ஏறி இறங்கியவர்கள். அவன் மூன்று மாதத்துக்கு முன்பே நெட்டுக்குப் பைபர் லைன் இழுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்துவிட்டான். எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறான். ஆனால் முதலில் இரண்டு கிழமை, பதினான்கு நாள், வகுப்புக்குப் போக வேண்டும். கூட இருக்கப்போவது எல்லாம் இருபது வயதுக்காரர்கள். பைபர் நூலோ தலைமயிர் அளவு. எனக்கு நாற்பத்தேழு வயது. கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சத்துக்குப் போகிறவன். மானம் போகுமே என்ற பயத்தில் நான் பதில் சொல்லவில்லை. ஆரையம்பதி வீட்டில் மனைவி மாலாவிடமும் சொல்லவில்லை. வேலை குறைந்ததையும் சொல்லவில்லை, இந்த இடத்தைப் பற்றியும் சொல்லவில்லை. "கடைசி வகுப்பு இந்தச் சனிக்கிழமை தொடங்குது, அதுக்குப் புறகு ஆள் எடுக்கமாட்டாங்க" என்று சபீர் கறாராகச் சொல்லிவிட்டான். அந்தக் கெடு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தவைதான் இவை.

முந்தி விழும் விக்கெட்

தேற்றாத்தீவில் அண்ணன் தம்பி இருவர், பக்கத்துப் பக்கத்து வீடு. எல்லை வேலி இரண்டடி தள்ளி வந்துவிட்டது என்று இரண்டு வருசமாகப் பேச்சு இல்லை. தம்பி நவம் முந்தியே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு வழமையான கேள்வியைக் கேட்டார். வாசலில் பைபர் லைன் இருந்தது, படிக்கிற பிள்ளைகள் மூன்று. கழற்றலாம் என்றேன், கழற்றிக்கொண்டும் வந்தேன். இரண்டு கிழமையில் திரும்பப் போன் வந்தது. உடனே வரட்டாம்.

போனால் மனுசன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. "இருந்து பாருங்க" என்றார். பார்த்தேன். நம் டிவியில் பந்து வீசுகிறவன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது. தம்பியோடு பேசக் கூடாது என்பதால் அவர் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொல்கிறார்: "குட்டி, இந்தா இந்தப் பந்தில ஆள் போறான்." சொன்னபடியே ஆள் போனான். அண்ணன் வீட்டில் டிஷ். நெட்டில் வருகிற ஆட்டம் அதைவிட அரை நிமிடம் பிந்தி வரும். அண்ணன் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு விக்கெட்டையும் தம்பி நிம்மதியாகப் பார்க்க விடவில்லை.

பிந்தி வருவதை என்னால் முந்தி வரவைக்க முடியாது என்று விளக்கினேன். ஒன்றில் டிஷ்ஷைத் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் போயிருந்து ஒன்றாகப் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை என்றேன். நவம் வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிஷ்ஷப் பூட்டுங்க. இல்லாட்டி அவரோட கதைக்க வேண்டி வந்திரும்."

பாளை விட்ட தென்னை

கல்லடியில் புனிதம் அக்கா வீட்டில் நான் டிஷ் பூட்டிய அன்று, முற்றத்துத் தென்னை என் முழங்கால் உயரம். இப்போது அது கூரையைத் தாண்டி, டிஷ் பார்க்கும் வழியில் நேராக நிற்கிறது. காற்றடித்தால் ஓலை ஒரு பக்கம் போகும், நாடகம் மறுபக்கம் போகும். டிஷ்ஷைக் கூரையின் மறு மூலைக்குக் கொண்டுபோனால் அங்கே பக்கத்து வீட்டுப் பலா. மரத்தை வெட்ட வேண்டும், அல்லது நெட்டுக்கு மாற வேண்டும் என்று நிலைமையைச் சொன்னேன். அக்கா மரத்தையும் பார்த்தா, டிஷ்ஷையும் பார்த்தா, பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தா. "தென்ன இந்த வருசந்தான் பாள விட்டிருக்கு. உங்கட டிஷ் எப்ப தம்பி காய்க்கும்?"

கம்பத்தில் ஏறிய ரவுட்டர்

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் வட்டை ஓரத்தில் மயில்வாகனம் ஐயாவின் வீடு. முன்னால் நிற்பது முழுக்க வயல். பைபர் லைன் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை வாங்கி அனுப்பி, "இனி டிஷ் வேண்டாம் அப்பா" என்று சொல்லிவிட்டாளாம். மகள் சொன்னால் சொன்னதுதான். நான் போனபோது அந்த ரவுட்டர் ஒரு சொப்பிங் பைக்குள் மாமரக் கொப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வைத்தால் சிக்னல் இல்லை. மழை இருட்டினால் ஐயா வயலிலிருந்து ஓடி வந்து அதை இறக்க வேண்டும்.

"டிஷ் இருக்கட்டும் ஐயா" என்றேன். கேட்கவில்லை. மகளுக்குச் சொல்லியாயிற்றாம். சரி என்று டிஷ்ஷைக் கழற்றினேன், அதைப் பூட்டியிருந்த கம்பத்தை அப்படியே விட்டேன். ரவுட்டரை மழை புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அந்தக் கம்பத்து உச்சியில் கட்டி, வாவிக்கு அந்தப் பக்கம் நிற்கும் போன் சிக்னல் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பினேன். உள்ளே டிவிக்கு முன்னால் ஐயாவின் மனைவி. நான் மேலிருந்து "வந்திட்டா?" என்றேன். அவர் "வருகுது, வருகுது, போயிட்டு" என்றார். ஐயா நடுவில் நின்று "இன்னும் கொஞ்சம் கிறுக்குங்க" என்று வலப்பக்கம் திருப்பும்படி கையைச் சுழற்றிக் காட்டினார். ஒரு மணித்தியாலம் போனது. படம் தெளிந்ததும் ஐயா கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "மறுகா இதும் டிஷ்தானே தம்பி. இதுக்கா பழையதக் கழட்டின?"

உம்மாவுக்குத் தெரிந்தது

காத்தான்குடியில் சபீர் குடியிருக்கும் ஒழுங்கைத் தெருவுக்குள் ஒரு உம்மா. ஒரே மகன் கட்டாரில் வேலை. நெட்டில் படம் பார்க்கும் தன்னுடைய கணக்கை உம்மாவின் டிவியிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். டிஷ் இனித் தேவையா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டா. பைபர் லைனைப் பார்க்கச் சபீரும் வந்தான். ஒரே கணக்கு என்பதால், மகன் அங்கே எதைப் பார்த்தான், எந்த இடத்தில் விட்டான் என்பதெல்லாம் இங்கே திரையில் வரிசையாக வரும். உங்களுக்கும் எனக்கும் அது தொல்லை. உம்மாவுக்கு அது மகனின் கடிதம்.

"வேல முடிஞ்சு வந்து அரை மணித்தியாலம் பாப்பான், அப்பிடியே நித்திரையாகிருவான். பாதியில நிக்கும். மறுநாள் மிச்சம். இப்ப ரெண்டு கிழமையா காலையில ஒரு படம், பகல்ல ஒரு படம், அசர் தொழுகைக்குப் புறகு ஒரு படம். முழுசா முடியிது" என்றா. அறையில் இருக்கும் வேறு யாரும் பார்க்கலாம் உம்மா என்று இழுத்தேன். அவ இல்லை என்று தலையாட்டினா. மகனுக்குப் பிடித்த மாதிரிப் படங்கள்தான் ஓடுகின்றனவாம். வேலை போய்விட்டது என்று அவவுக்கு விளங்கிவிட்டது. போனில் கேட்டீங்களா என்றேன். கேட்கவில்லையாம். வீட்டுக் கூரை மாற்றியாயிற்று, கடன் ஒன்றும் இல்லை, உனக்கு வரத் தோன்றினால் வா என்று மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்திருக்கிறா. "அவன் சொல்லும் மட்டும் எனக்கு ஒண்டும் தெரியா மனே. டிஷ்ஷக் கழட்டுங்க, இது கிடக்கட்டும்" என்றா.

நான் கழற்றிய டிஷ்ஷைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்தேன். சபீர் பக்கத்தில் வந்தான். சந்தியில் என்னுடைய மோட்டார் சைக்கிளில் டிஷ்ஷைக் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தபடி சொன்னான்: "வேல போனதச் சொல்ல ஏலாம ஒருத்தன் கட்டார்ல இரிக்கான். வேல வந்ததச் சொல்ல ஏலாம நீ ஆரையம்பதில இரிக்காய். அவன்ட கத விளங்குது மச்சான், உன்ட கததான் விளங்குதில்ல."

ஆரையம்பதியில் ஒரு வீடு

வியாழக்கிழமை பின்னேரம் தாழங்குடாவில் ஒரு வீட்டு வேலை முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் மாலாவின் பெயர். எடுத்தால், "டிஷ் பாஸ்கரனா?" என்று அந்நியக் குரலில் கேட்கிறாள். "என்னகா?" என்றேன். "ஆரையம்பதில ஒரு வீட்டில வந்து பாத்துச் சொல்லணும். டிஷ்ஷக் கழட்டட்டா, வைக்கட்டா எண்டு." விளையாட்டாக இருக்கட்டும் என்று நானும் வழமையாகக் கேட்பதைக் கேட்டேன். வீட்டில் யார் யார்?

"நான் ஒரு ஆள். கொழும்பில படிக்கிற மகள், லீவில வருவா. மறுகா வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர் என்ன பாப்பார்?"

"அவர் டிவி பாக்கிறல்ல. முத்தத்தில நிண்டு டிஷ்ஷத்தான் பாப்பார். மூணு மாசமா."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. தேத்தண்ணியை வாங்குப் பலகையின் மேல் வைத்தேன். வாசலுக்குப் பைபர் லைன் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"போன மாசமே சபீர் கொண்டு வந்து நம்மட தூணில சுருட்டி வெச்சிட்டுப் போனவர். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் அதக் கடந்துதான் போறார்."

நான் அந்தச் சுருளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டுக்கு இழுக்க வைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சபீர் சொன்னானா என்று கேட்டேன். அவனுடைய மனைவி இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாளாம். இரண்டு மாதமும் மாலா என்னிடம் ஒன்றும் கேட்காமல், சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்திருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"அப்ப என்ன சொல்றீங்க?" என்றாள். ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொன்னவன் என்று பெயர் எடுத்தாயிற்று. கேட்பது வாடிக்கையாளர். "கழட்டலாம்" என்றேன். எனக்கே விளங்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன். பிறகு என் மாலாவின் சொந்தக் குரல் வந்தது: "சனிக்கிழம வகுப்புக்குப் போடுற சேட்ட அயன் பண்ணிட்டன். நாளைக்குக் கண்ணாடி மாத்தப் போவம், வெள்ளன வாங்க."

ஊரார் வீட்டு டிஷ்ஷைக் கழற்ற எனக்குக் கால் மணித்தியாலம் போதும். என் வீட்டு டிஷ்ஷைக் கழற்ற மூன்று மாதமும், ஒரு வாடிக்கையாளரின் முறைப்பாடும் தேவைப்பட்டன.