அண்ணி திருத்திக் கொடுத்த புகார்

என் அண்ணியிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. டியூஷனில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு விவாதக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவர். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று அண்ணன் சொன்னால் போதும். "ஜாஸ்தியா இருக்குன்னு தகவல் சொல்றீங்களா, ரொம்ப மோசம்னு குறை சொல்றீங்களா, ஃபேன் போடணும்னு சொல்றீங்களா? மூணும் வேற வேற" என்பார். அண்ணன் எழுந்துபோய் ஃபேனைப் போட்டுக்கொள்வார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அண்ணிக்கு அவருடைய நாய் என்றால் உயிர். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போனபின் அது தனியாகக் கிடந்து குரைக்கும். கீழ்வீட்டுப் பேக்கரிக்காரர் இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு புகார் எழுதி, மரியாதைக்காக முதலில் அண்ணியிடம் காட்ட வந்தார்.

'நாய் எப்போதும் குரைக்கிறது. இது பெரிய அநியாயம். நாயை அனுப்பிவிட வேண்டும்.' அவ்வளவுதான்.

அண்ணியின் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"முதல் வரியில நடக்கிறதைச் சொல்றீங்க. எப்பெப்போ குரைக்குது, வேற யார் கேட்டாங்க, அதெல்லாம் வேணும். ரெண்டாவது வரி உங்க தீர்ப்பு. எதை வச்சு அநியாயம்ங்கிறீங்க? மூணாவது, இப்படிச் செய்யணும்ங்கிறீங்க. வேற வழியே இல்லையா? எதிராளி என்ன சொல்வாங்கன்னும் யோசிங்க."

"எதிராளி நீங்கதானே மேடம்?"

"அது பரவால்ல. சரியா எழுதிட்டு வாங்க."

அவர் போனதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் நாயைத் துரத்த நீயே டியூஷன் எடுத்திருக்கே."

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. சங்கக் கூட்டம் நடக்கும் நாள்வரை நாயை மடியைவிட்டு இறக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கூட்டத்தில் பேக்கரிக்காரர் எழுந்து வாசித்தார். மேடம் வீட்டில் இருக்கும் நாட்களில் சத்தமே இல்லை. ஆள் இல்லாதபோதுதான் குரைப்பு. எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். இரவில் உழைப்பவனுக்குப் பகல்தான் ராத்திரி. அவன் தூக்கத்தைக் கெடுப்பது அநியாயம். வாதத்தில் எங்கேயும் ஓட்டை இல்லை. அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் தலை தன்னால் ஆடியது.

"நாயை அனுப்பணும்னுதான் முதல்ல எழுதினேன்" என்றார் அவர். "வேற வழி இல்லையான்னு மேடம் கேட்டாங்க. தனியா இருந்தாத்தானே குரைக்குது? பகல்ல என் வீட்டுல விடட்டும். அதுவும் தூங்கும், நானும் தூங்குவேன்."

எல்லோரும் கை தூக்கினார்கள். அண்ணி இரண்டு கையையும் தூக்கினார்.

இப்போது குரைப்பே கிடையாது. பேக்கரிக்காரரின் கட்டிலடியில் ரொட்டித் துண்டு தின்று நாய் கொழுத்திருக்கிறது. நேற்று மாலை அண்ணி கீழே போய்க் கூப்பிட்டார். வாலை ஆட்டியது, எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டது.

அண்ணி வெறுங்கையோடு படியேறி வந்தார். வயிறு எரிந்தது முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்கே அந்த ஆள் மேல புகார் குடுக்கப்போறேன்."

"என்னன்னு எழுதுவே?" என்றார் அண்ணன்.

"எனக்குப் பொறுக்கலன்னு."