யார் தயவிலும் இல்லாத மிஸ் ஆர்மராட்

இங்கிலாந்தில், பஞ்சு மில்கள் நிறைந்த லங்காஷயரில் எங்கள் தெருவில் ஹெஸ்டர் ஆர்மராட் என்று ஒரு கிழவி தனியாக இருந்தாள். எண்பத்துமூன்று வயது, ஐம்பது வருஷம் மில்லில் தறி ஓட்டியவள். அவள் அதட்டினால் மில் புகைபோக்கி ஒரு கணம் புகையை விழுங்கிக்கொள்ளும். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

யார் தயவிலும் இருந்ததில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. காலில் ஆறாத புண் வந்து, நாற்காலியிலிருந்து அடுப்படிக்குப் போவதே யாத்திரையான பிறகும் அந்தப் பெருமை மட்டும் நொண்டவில்லை. ஆகவே தெருவே சேர்ந்து பொய் சொல்லப் பழகினோம். பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத்தான் பெரிய பங்கு.

"மிஸ் ஆர்மராட், இன்னிக்கும் கறியும் உருளைக்கிழங்கும் அளவு தப்பிப்போச்சு. நீங்க எடுத்துக்கலேன்னா எங்க நாய்க்குத்தான்."

"நாய் என்னடி பாவம் பண்ணிச்சு, டோரிஸ்? சரி, வெச்சிட்டுப் போ."

நாலு வருஷம் தினமும் எனக்கு அளவு தப்பியது. எதிர்வீட்டு ஆல்பர்ட்டின் நிலக்கரி வாரம் ஒரு மூட்டை வாசல் மாறி இறங்கியது.

1969 வசந்தத்தில் ஊர் சுகாதார டாக்டர் வந்தார். புண் நாறுகிறதென்று யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று இவள் ஏற்கெனவே இரண்டு பேரைத் துரத்தியிருந்தாள். நான் அவரை வாசலிலேயே மடக்கினேன்.

"தன்னைத் தானே பாத்துக்க முடியாம, பாத்துக்க வேற ஆளும் இல்லாம இருந்தா, சம்மதம் இல்லாமலே கொண்டுபோகச் சட்டம் இருக்கும்மா. நீதிபதி கையெழுத்துப் போட்டா போதும்."

"ஆளா? நான் இருக்கேனே!"

"நல்லது. அவங்க வாயாலயும் கேட்டுக்கறேன்."

உள்ளே அவள் எதிரில் உட்கார்ந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தறிச் சத்தத்தில் காது உதவாது. உதடசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், மில்லில் வேலை பார்த்த நாங்கள். 'டோரிஸ் சாப்பாடு தர்றான்னு சொல்லுங்க' என்று சத்தமில்லாமல் வாய் கிழிய அசைத்தேன். அவள் ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"டாக்டர், உங்க பின்னாடி ஒருத்தி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடறா. முதல்ல அவளைப் பாருங்க."

"சாப்பாடு யார் தர்றாங்க, மிஸ் ஆர்மராட்?"

"நானே ஆக்கிக்கறேன்." அவளுடைய வாணலியில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"இவங்க தர்றதா சொல்றாங்களே?"

"வாங்கித் தின்ன நான் என்ன பிச்சைக்காரியா? அவ நாய்க்கு மீந்ததை இங்க கொட்டிட்டுப் போவா."

எனக்குப் பொறுக்கவில்லை. "நாய் செத்து மூணு வருஷமாச்சு, டாக்டர்! இவங்களுக்குன்னேதான் ஆக்கறேன். அளவு ஒரு நாளும் தப்பல!"

அவள் முகம் செங்கல்லாகிவிட்டது.

"அப்படின்னா இனிமே என் வாசப்படி மிதிக்காதே. தட்டும் வேண்டாம், கரியும் வேண்டாம். எழுதிக்கங்க, டாக்டர். எனக்கு ஒருத்தரும் வேண்டாம்."

அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் நீதிபதி தம் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டாராம். என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இரண்டு ஆட்கள் அவளை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தெரு முழுக்க வாசலில் நின்றோம். ஆல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான்.

மூன்று வாரம் என்றார்கள். பிறகு நீதிமன்றத்தில் அதை மூன்று மாதமாக்கினார்கள். பார்வை நேரத்தில் வார்டுக்குப் போனேன். கால் சுத்தமாகக் கட்டப்பட்டிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ் ஆர்மராட்? தெருவுக்கே தெரிஞ்ச விஷயம்தானே?"

"எனக்கும் தெரியும்டி. தெரியறது வேற, வாய்விட்டுச் சொல்றது வேற."

அதற்குள் இருபது வயதுகூட ஆகாத ஒரு நர்ஸ் கிண்ணத்தோடு வந்து, அவள் கழுத்தில் துணியைச் செருகினாள்.

"ஹெஸ்டர் கண்ணு, ஆ காட்டுங்க பாப்போம்."

பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வார்டே அதிரப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.